புது ஹாரனும் ஏன் அடிக்கவில்லை?

வாசகர் கேள்விகள்: நாமக்கல் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பதில்கள்

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பட்டறைக்கு ஹாரன் வேலை வரிசையாக வரும். இந்த மாதம் கடிதங்களும் அப்படியே. முதல் கடிதத்துக்கு மட்டும் நீளமாகப் பதில் எழுதுகிறேன். அதை எழுதியவர் முறையாகத்தான் சோதித்திருக்கிறார். ஒரே ஓர் இடத்தில் மீட்டர் அவரை ஏமாற்றிவிட்டது. அதே இடத்தில் தொழில் தெரிந்தவர்களும் ஏமாறுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நாகப்பட்டினம் வாசகர்: 2013-ல் வாங்கிய ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். ஏர்பேக் கிடையாது. வீடு கடற்கரைக்குப் பக்கம். போன மாதம் இரண்டு ஹாரனும் ஒரே நாளில் நின்றுவிட்டன. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ஸ்டீயரிங்கில் அழுத்தினால் பானெட்டுக்குள் ‘டக்’ என்று கேட்கிறது. மல்டிமீட்டர் வைத்தால் ஹாரன் சாக்கெட்டில் 12.4 வோல்ட் காட்டுகிறது. கரண்ட் வருகிறதே, ஹாரன்தான் போயிருக்கும் என்று புது ஜோடி வாங்கி மாட்டினேன். அதுவும் அடிக்கவில்லை. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார். புது ஹாரனும் கெட்டதாகவே வருமா?

ஐயா, ஹாரன் மேல் குற்றம் இருக்காது என்றே நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி ‘இரண்டு ஹாரனும் ஒரே நாளில்’ என்பதுதான். இரண்டு ஹாரன் ஒரே நாளில் சேர்ந்து கெடுவது அபூர்வம். சேர்ந்து நின்றால் இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று போயிருக்கிறது என்று பொருள். ஃபியூஸ் பொது, ரிலே (பட்டனின் சிறு கரண்ட்டில் உள்ளே சுருள் இழுத்து, ஹாரனுக்குப் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) பொது, ரிலேயிலிருந்து முன்பக்கம் போகும் வயர் பொது. கடைசியாக எர்த், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி, அதுவும் பொது. பல கார்களில் இரண்டு ஹாரனின் கறுப்பு வயரும் ஒரே போல்ட்டில் வந்து முடியும்.

நீங்கள் கேட்ட ‘டக்’ ரிலே இழுக்கும் சத்தம். அதை வைத்தே பாதி வயரிங்கை ஒதுக்கிவிடலாம். ஸ்டீயரிங் பட்டன், அங்கிருந்து கீழே வரும் வயர், ரிலேயின் சுருள் எல்லாம் சரி. ஸ்டீயரிங்கைக் கழற்ற வேண்டாம்.

இப்போது அந்த 12.4 வோல்ட்டுக்கு வருவோம். மீட்டரின் சிவப்பு முனையைச் சாக்கெட்டில் வைத்திருப்பீர்கள். கறுப்பு முனையை எங்கே வைத்தீர்கள் என்று எழுதவில்லை. பேட்டரியின் மைனஸில் வைத்திருந்தால், அதுதான் கைக்கு எட்டும் இடம் என்பதால் எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள், நீங்கள் சோதித்தது பிளஸ் வயரை மட்டுமே. ஹாரனுக்குப் பேட்டரி மைனஸ் நேராகக் கிடைப்பதில்லை. அதன் எர்த், பம்பருக்குப் பின்னால் தகட்டில் முறுக்கியிருக்கும் அந்த ஒரு போல்ட் வழியாகத்தான் வர வேண்டும். அந்தப் போல்ட் துருப்பிடித்திருந்தால் பிளஸ் வந்து காத்திருக்கும், திரும்பிப் போக வழி இருக்காது.

கறுப்பு முனையைச் சாக்கெட்டின் எர்த் பின்னிலேயே வைத்து 12.4 பார்த்திருந்தாலும் எர்த் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மீட்டர் இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒரு டிஸ்க் ஹாரன் சுமார் 4, 5 ஆம்பியர் கேட்கும். மேல்தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாய் அடைத்திருந்தால் சொட்டுச் சொட்டாகத்தானே வரும்? அந்தச் சொட்டே மீட்டருக்குப் போதும், ஹாரனுக்குப் போதாது. வயரில் ஒற்றை இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டேஜ் காட்டும்.

அதனால்தான் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் மீட்டரைத் தொடவிடாமல் முதலில் டெஸ்ட் லேம்ப் செய்யக் கற்றுக் கொடுத்தார். பிரேக் லைட்டுக்குப் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்ப் ஒன்று, ஹோல்டர், இரண்டு வயர், முனையில் கிளிப். அவ்வளவுதான். அந்தப் பல்ப் முக்கால் அளவு எரிய வேண்டுமானால்கூட ஓர் ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அரைகுறைக் கனெக்‌ஷன் அங்கே மாட்டிக்கொள்ளும். இப்போது கடைகளில் எல்.இ.டி. வைத்த டெஸ்டர் விற்கிறார்கள். அதுவும் மீட்டர் போலவே மிகக் கொஞ்சம்தான் இழுக்கும், இந்த வேலைக்கு வேண்டாம்.

ஹாரன் சாக்கெட்டைக் கழற்றி, இரண்டு பின்னுக்கும் நடுவில் டெஸ்ட் லேம்பை மாட்டுங்கள். வீட்டில் யாரையாவது ஸ்டீயரிங்கில் அழுத்தச் சொல்லுங்கள். பளீரென்று எரிந்தால் என் கணிப்பு தவறு, ஹாரனைத்தான் பார்க்க வேண்டும். மங்கலாக எரிந்தாலோ, எரியாவிட்டாலோ, எர்த் பக்கக் கிளிப்பை மட்டும் எடுத்துப் பேட்டரி மைனஸில் வையுங்கள். இப்போது பளீரென்று எரிகிறதா? எர்த்தான் போயிருக்கிறது. அப்போதும் மங்கலா? பிளஸ் பக்கத்தில் கோளாறு.

பல்ப் கிடைக்கவில்லை, மீட்டர்தான் இருக்கிறது என்றால் அதையும் சரியாகப் பயன்படுத்தலாம். சாக்கெட்டைக் கழற்றாமல், ஹாரன் மாட்டியிருக்கும்போதே, ஹாரனின் எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் மீட்டரை வைத்து, ஸ்டீயரிங்கில் அழுத்தச் சொல்லுங்கள். ஏறக்குறைய பூஜ்ஜியம் காட்ட வேண்டும். அங்கே 10, 12 வோல்ட் காட்டினால், பேட்டரியிலிருந்து வந்ததெல்லாம் ஹாரனைத் தாண்டி எர்த்தில் முட்டி நிற்கிறது என்று தெரிந்துவிடும். பிளஸ் பக்கத்தையும் இப்படியே பார்க்கலாம். பேட்டரி பிளஸ், ஹாரன் பிளஸ் இரண்டுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

எர்த்தான் என்று உறுதியானால் செலவு பெரிதில்லை. போல்ட்டைக் கழற்றுங்கள். அடியில் தகடு வெள்ளையாக மின்னும்வரை உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள், பெயின்ட் மீதி இருக்கக் கூடாது. வயர் முனையில் உள்ள லக்கை, அதாவது போல்ட்டில் மாட்டும் உலோக வளையத்தை, நன்றாகப் பாருங்கள். கடலோரக் கார்களில் அது வெளியே பளபளவென்று இருக்கும், ரப்பரை ஓர் அங்குலம் சீவினால் உள்ளே செம்பு பச்சை பூத்து மாவாகக் கொட்டும். அப்படியிருந்தால் நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுப் புது லக் அழுத்துங்கள். பல்வைத்த வாஷர் போட்டு முறுக்கிய பிறகு, மேலே வாசலின் தடவுங்கள். உப்புக் காற்று ஊருக்கு வாசலின் அவசியம். முறுக்குவதற்கு முன்னால் தடவ வேண்டாம்.

பிளஸ் பக்கம் என்று வந்தால் ரிலேயைச் சந்தேகப்படுங்கள். ‘டக்’ என்ற சத்தம் சுருள் இழுக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. உள்ளே ஹாரனுக்குக் கரண்ட் தாண்டும் இரண்டு பாயின்ட்டும் கரிந்திருந்தாலும் ‘டக்’ கேட்கும். ரிலேயின் அடியில் 30, 87, 85, 86 என்று எண்கள் இருக்கும். 85, 86 சுருளுக்கு, 30, 87 அந்தப் பாயின்ட்டுகளுக்கு. ஃபியூஸ் பாக்ஸில் அதே எண் அச்சிட்ட இன்னொரு ரிலே இருந்தால், அதைப் பிடுங்கி இதன் இடத்தில் குத்திப் பாருங்கள்.

புது ஹாரனைப் பற்றிய உங்கள் மனக்குறைக்கு: அதைப் பேட்டரியிலேயே நேராக வைத்துச் சோதிக்கலாம். பிளஸ் வயரின் நடுவில் 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கட்டும். ஒரு நொடி தொட்டால் போதும், காது அடைக்கும். பழைய ஜோடியையும் எறியாதீர்கள், அவையும் அடிக்கும் என்றே எதிர்பார்க்கிறேன். இனி வாங்குபவர்கள் எல்லோரும் பழைய ஹாரனை இப்படி ஒரு தடவை தொட்டுப் பார்த்த பிறகு கடைக்குப் போங்கள். ஹாரன் மாற்றச் சொல்வது சுலபம், எங்கே கரண்ட் நிற்கிறது என்று தேடுவதுதான் வேலை. அந்த வேலையைச் செய்யாமல் பொருளை மட்டும் விற்கும் பட்டறைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பணம் வாசகருடையது, தேட வேண்டிய கடமை எங்களுடையது.

இதே கோளாறு உள்ள மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் காரில் அந்த ‘டக்’ கேட்கவில்லை என்றால் நீங்கள் எதிர்ப் பாதியைப் பார்க்க வேண்டும். முதலில் ஃபியூஸ். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். எந்த நிறம் போயிருக்கிறதோ அதே நிறம்தான் போட வேண்டும். சிகரெட் தாள், செம்புக் கம்பி எதுவும் வைக்காதீர்கள். பெரிய ஃபியூஸும் கூடாது, எரிவது அப்புறம் வயராக இருக்கும். பிறகு ஸ்டீயரிங். பெரும்பாலான கார்களில் ஹாரன் பட்டன் பிளஸ் கொடுப்பதில்லை, ரிலேயின் சுருளுக்கு எர்த் கொடுக்கிறது. ஏர்பேக் இல்லாத ஸ்டீயரிங்கில் அந்த எர்த் ஒரு பித்தளை வளையமும், அதில் உரசும் ஸ்பிரிங் வைத்த முனையும் சேர்ந்து தாண்டும். வளையம் கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் இலேசாகத் துடைத்தாலே பல கார்களில் ஹாரன் திரும்பிவிடும்.

கோயம்புத்தூர் வாசகி: 2020 மாடல் கார். ஸ்டீயரிங் நேராக இருந்தால் ஹாரன் அடிப்பதில்லை, இடப்பக்கம் கொஞ்சம் திருப்பினால் அடிக்கிறது. ஸ்டீயரிங்கில் உள்ள வால்யூம் பட்டனும் சில சமயம்தான் வேலை செய்கிறது. டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிகிறது. பட்டறையில் ஹாரனை மாற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள்.

ஹாரனை மாற்ற வேண்டாம் அம்மா. மூன்று குறியும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. ஸ்டீயரிங்குக்கு அடியில் வட்ட டப்பாவுக்குள் நாடா போன்ற தட்டைக் கேபிள் ஒன்று சுருண்டிருக்கும். கிளாக் ஸ்பிரிங் என்றும், ஸ்பைரல் கேபிள் என்றும் சொல்வோம். ஸ்டீயரிங் சுற்றும்போது அது சுருங்கி விரியும். ஹாரன், பாட்டு பட்டன்கள், ஓட்டுநர் ஏர்பேக் எல்லாவற்றின் கரண்ட்டும் அந்த நாடா வழியாகத்தான் போகிறது. நாடா ஓரிடத்தில் விரிசல் விட்டிருக்கிறது. திருப்பும்போது விரிசல் ஒட்டிக்கொள்வதால் அடிக்கிறது.

ஹாரனை விடுங்கள், எனக்குக் கவலை ஏர்பேக் விளக்குதான். அது எரியும்வரை, விபத்து நேர்ந்தால் உங்கள் பை விரியும் என்று நம்ப முடியாது. 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் விற்கும் புதுக் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அதனால் உங்கள் காரின் வயதுள்ள கார்கள் எல்லாவற்றுக்கும் இந்தப் பதில் பொருந்தும். தயவுசெய்து இந்த வாரமே காட்டுங்கள்.

மேலே நாகப்பட்டினத்துக்காரருக்குச் சொன்ன டெஸ்ட் லேம்பை இங்கே யாரும் கொண்டுபோகக் கூடாது. மஞ்சள் நிறச் சாக்கெட் தெரிந்தால் அது ஏர்பேக் லைன். அதில் பல்ப் வைத்தால் பை முகத்தில் வெடிக்கலாம். பேட்டரி மைனஸைக் கழற்றி, கார் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகே ஸ்டீயரிங்கைத் தொட வேண்டும். செய்பவரிடம் ஒன்று கேளுங்கள்: புது கிளாக் ஸ்பிரிங்கை நடுவில் வைத்து மாட்டுகிறாரா என்று. இரண்டு பக்கமும் சமமாகச் சுற்ற இடம் விட்டு மாட்ட வேண்டும். நடு தப்பினால் முதல் முழுத் திருப்பத்திலேயே புது நாடாவும் அறுந்துவிடும். அண்மையில் ஸ்டீயரிங் ராக் (முன்சக்கரங்களைத் திருப்பும் பாகம்) வேலை எதுவும் பார்த்தீர்களா? அப்போது ஸ்டீயரிங்கைக் கட்டிவைக்காமல் சுற்றவிட்டிருந்தால் இந்த நாடா அறுந்ததற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

மதுரை வாசகர்: நள்ளிரவில் நிறுத்தியிருந்த கார் தானாக ஹாரன் அடிக்கத் தொடங்கி நிற்கவே இல்லை. தெருவே எழுந்துவிட்டது. கடைசியில் பேட்டரி வயரைக் கழற்றினேன். மறுபடி நடந்தால் என்ன செய்வது?

அடுத்த முறை ஹாரன் ரிலேயைப் பிடுங்குங்கள். உடனே நின்றுவிடும், மற்றவை வேலை செய்யும். ஃபியூஸைப் பிடுங்கினாலும் நிற்கும், ஆனால் சில கார்களில் அதே ஃபியூஸில் வேறு விளக்குகளும் இருக்கும், மூடியில் உள்ள படத்தைப் பாருங்கள். ரிலேயைப் பிடுங்கிக் குலுக்கி மறுபடி குத்தும்போது ஹாரன் அடிக்காவிட்டால், உள்ளே பாயின்ட் ஒட்டிக்கொண்டிருந்தது என்று பொருள். புது ரிலே போடுங்கள். குத்தியவுடன் மறுபடி அடித்தால் ஸ்டீயரிங்கிலிருந்து வரும் வயர் எங்கோ தோல் உரிந்து இரும்பில் படுகிறது. பட்டன் கொடுக்க வேண்டிய எர்த்தை இரும்பே கொடுத்துவிடுகிறது. எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். தெருவில் நிறுத்தும் கார்களில் என் பட்டறையில் நான் முதலில் தேடுவது எலிப் பல்லைத்தான். தொலைவிலிருந்து பூட்டும் அலாரம் ஹாரனோடு சேர்ந்திருக்கும் காராக இருந்தால் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் சந்தேகப்பட வேண்டும்.

சென்னை வேளச்சேரி வாசகர்: 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் கார் சக்கரம் மூழ்க நின்றது. எஞ்சின் தப்பித்தது. ஆனால் அன்று முதல் ஹாரன் கம்மிய தொண்டைபோல் ஒலிக்கிறது.

இரண்டில் ஒன்று ஊமையாகியிருக்கலாம், அல்லது இரண்டுக்கும் உள்ளே துரு. ஹாரனுக்குள் ஒரு காந்தச் சுருளும், மெல்லிய இரும்புத் தகடும், ஒரு ஜோடி பாயின்ட்டும் இருக்கின்றன. சுருள் தகட்டை இழுக்கும், இழுத்தவுடன் பாயின்ட் விலகிக் கரண்ட் நிற்கும், தகடு திரும்பும், பாயின்ட் மறுபடி சேரும். நொடிக்குச் சுமார் 400 முறை இப்படி நடந்தால்தான் அந்தச் சத்தம். பாயின்ட்டில் துரு ஏறினால் கணக்குத் தப்பும். ஒவ்வொன்றாகச் சாக்கெட்டைக் கழற்றி எது கம்முகிறது என்று பாருங்கள். பின்பக்கம் பெயின்ட் அடைத்த சிறு திருகு இருக்கும். அதைக் கால் சுற்றுக்குக் குறைவாக அப்படியும் இப்படியும் திருப்பினால் சில சமயம் தெளியும். தெளியவில்லையானால் விட்டுவிடுங்கள், வெள்ளத்தில் நனைந்த ஹாரனை நம்பிக் காலம் தள்ள வேண்டாம், மாற்றுங்கள். மாட்டும்போது வாய் கீழ்ப்பார்த்து இருக்கட்டும், தண்ணீர் தேங்காது. ஹாரனின் உடம்பு பம்பரையோ ரேடியேட்டர் சட்டத்தையோ தொடக் கூடாது, பிடிப்புப் பட்டையில் மட்டும் நிற்க வேண்டும்.

திருச்சி வாசகர்: கம்பெனி ஹாரன் சத்தம் போதவில்லை. பஸ்ஸில் உள்ளதுபோல் ராகம் போடும் ஏர் ஹாரன் காரில் மாட்டலாமா?

மாட்டக் கூடாது தம்பி. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-வது விதி, மாறி மாறி ஸ்வரம் எழுப்பும் ஹாரனையும், காதைக் கிழிக்கும் ஒலிக்கருவிகளையும் தடை செய்கிறது. பஸ்ஸில் மாட்டியிருந்தால் அதுவும் குற்றம்தான். தேவையில்லாமல் ஹாரன் அடிப்பதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப் பிரிவில் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் அபராதம். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை குடியிருப்புப் பகுதியில் அடிக்கக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. பச்சைக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சாலை கடக்கும் ஒரு தாயின் பக்கத்தில் அந்த ஏர் ஹாரன் ஒலிப்பதை நினைத்துப் பாருங்கள், அதை மாட்ட உங்களுக்கே மனம் வராது.

உண்மையில் சத்தம் குறைந்திருந்தால் காரணம் வேறு. ஜோடியில் ஒன்று நின்றிருக்கும், அல்லது எர்த் பலவீனமாகியிருக்கும். அதைச் சரிசெய்தாலே முழுச் சத்தம் வரும். முன்பு ஒற்றை ஹாரன் இருந்த காரில் ஜோடி மாட்ட விரும்பினால் மாட்டலாம், ரிலே வைத்து மாட்டுங்கள். ஸ்டீயரிங் பட்டனிலிருந்து நேரே வயர் இழுத்தால் பட்டன் கரிந்துவிடும்.

ஈரோடு வாசகர்: குடும்பத்தோடு கொல்லிமலை ஏறும்போது பாதி வழியில் ஹாரன் நின்றுவிட்டது. திரும்பிப் போகவும் முடியாமல், மேலே போகவும் பயந்து நின்றோம். அங்கே என்ன செய்திருக்க வேண்டும்?

மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்த மலை எங்கள் ஊர் மலை, ஹாரன் இல்லாமல் அதில் ஏறுவது எவ்வளவு நடுக்கம் என்று எனக்குத் தெரியும். வளைவின் அந்தப் பக்கம் வரும் பஸ்ஸுக்கு நாம் வருவதைச் சொல்ல வேறு நல்ல வழியில்லை. நீங்கள் நின்றது நல்ல முடிவு.

வளைவில் அல்லாமல், நேரான இடத்தில் சாலையைவிட்டு ஒதுக்கி, ஹசார்ட் விளக்குப் போட்டு நிறுத்துங்கள். ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து ஹாரன் ஃபியூஸைப் பாருங்கள், பக்கத்தில் உபரி ஃபியூஸ் செருகி வைத்திருப்பார்கள். ஃபியூஸ் நன்றாக இருந்தால், ஃபாக் லேம்ப் போன்ற அவசரமில்லாத ஒன்றின் ரிலே அதே எண்ணில் இருந்தால் மாற்றிக் குத்துங்கள். அடுத்து ஹாரன் கைக்கு எட்டினால், ஸ்பேனரின் பின்முனையால் மெதுவாகத் தட்டிக்கொண்டே ஒருவர் பட்டனை அழுத்தட்டும். ஒட்டிய தகடு சில சமயம் விடுபடும். சாக்கெட்டைக் கழற்றி நாலைந்து முறை குத்தி எடுத்தாலும் பச்சை பூத்த பின் தேய்ந்து தொடர்பு கிடைக்கும். இவற்றில் ஏதாவது ஒன்று பலித்தால் அன்றைய மலையை முடிக்கலாம், ஊர் திரும்பியதும் முறையாகப் பாருங்கள்.

எதுவும் பலிக்கவில்லையானால் பகலிலும் ஹெட்லைட் போட்டு, ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் டிப்பர் அடித்து (ஹெட்லைட்டை மின்னவிட்டு), முதல் கியரில் இடது ஓரத்தை விடாமல் போங்கள். கண்ணாடிகளை இறக்கிவிட்டுப் பாட்டை நிறுத்துங்கள், எதிரே வருபவரின் ஹாரனாவது உங்கள் காதில் விழட்டும். பின்னால் பஸ்ஸோ வேனோ வந்தால் அதை முன்னே விட்டு அதன் பின்னால் போவது இன்னும் நல்லது, அது அடிக்கும் ஹாரன் உங்களுக்கும் சேர்த்து வழி கேட்கும். இறங்கி வரும்போதும் அப்படியே. ஏறும் வண்டிக்கு வழி விடுவது இறங்குபவரின் கடமை, ஹாரன் இல்லாதபோது நின்றே வழி விடுங்கள். இருட்டிய பிறகு மட்டும் அந்தக் காரில் இறங்க வேண்டாம், மலைமேல் உள்ள செம்மேட்டில் தங்கிக் காலையில் இறங்குங்கள்.